அப்பாவின் புல்லட்டும் உங்கள் கம்ப்யூட்டரும்

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. கடிதம் டைப் செய்து பார்த்தீர்கள், பாட்டுக் கேட்டீர்கள், பிள்ளைகள் கேம்ஸ் விளையாடுகிறார்கள். இதை வைத்து உருப்படியாக வேறு என்ன செய்யலாம் என்று கேட்கும் வாசகர்களுக்கு இந்த முறை சற்று வித்தியாசமான ஒரு பயன்பாட்டைச் சொல்லப் போகிறோம். வீட்டுத் திண்ணை ஓரத்தில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறதே அப்பாவின் பழைய புல்லட், அதைப் பராமரிக்க இந்தக் கம்ப்யூட்டர் பெரிதும் உதவும்.

புல்லட்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்? இன்று விற்பனையாகும் மோட்டார் சைக்கிள்களில் சிறிய கம்ப்யூட்டர் ஒன்று உள்ளேயே இருக்கிறது. கோளாறு வந்தால் அது ஒரு குறியீட்டு எண்ணைத் தன் நினைவில் பதிந்து வைக்கும். சர்வீஸ் நிலையத்தில் கேபிளைச் செருகிப் படித்து விடுவார்கள். பழைய புல்லட்டில் அப்படி எதுவும் கிடையாது. அதன் நினைவகம் முழுக்க மெக்கானிக்கின் தலைக்குள் இருந்தது. "சார், போன ஆடியிலதான் கிளட்ச் பிளேட் மாத்தினோம், அதுல ஒண்ணுமில்ல" என்று சத்தத்தைக் கேட்டே சொல்லி விடுவார். அவருக்கு வயதாகிப் பட்டறையை மூடினால் வண்டியின் சரித்திரமே அவரோடு போய்விடும். புதிதாக அந்த வண்டியைக் கையில் எடுக்கும் உங்களுக்கு எது எப்போது மாற்றப்பட்டது என்று ஒன்றும் தெரியாது. அந்த நினைவகத்தை மறுபடி உருவாக்கும் இடம்தான் உங்கள் கம்ப்யூட்டர்.

இங்கே புல்லட் என்று சொல்வது பழைய இரும்பு சிலிண்டர் கொண்ட 350 மாடலை. 1950-களில் இந்திய அரசு ராணுவத் தேவைக்காக இங்கிலாந்திலிருந்து புல்லட்களை வாங்கியது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டது. திருவொற்றியூரில் வண்டிகள் உருவாயின. இங்கிலாந்தில் அந்த மாடல் நின்ற பின்னும் நம் ஊரில் அதே இன்ஜின் பெரிய மாறுதல் இல்லாமல் 2000-க்குப் பிறகும் தொடர்ந்தது. 70 மி.மீ. விட்டம், 90 மி.மீ. ஓட்டம், 346 சி.சி. இதில் உங்களுக்கு ஒரு லாபம் உண்டு. 1950-களில் இங்கிலாந்தில் அச்சான கையேட்டில் உள்ள இன்ஜின் படங்கள் உங்கள் 1985 வண்டிக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் ஒரு போல்டர்

டெஸ்க்டாப்பில் காலியான இடத்தில் மவுஸின் வலது பட்டனைக் கிளிக் செய்து புதிய போல்டர் ஒன்றை உருவாக்கி 'புல்லட்' என்று பெயர் கொடுங்கள். அதற்குள் மேலும் மூன்று போல்டர்கள்: ஆவணம், கையேடு, படங்கள். தமிழில் பெயர் கொடுப்பதானால் யூனிகோட் முறையில் டைப் செய்யுங்கள். பழைய எழுத்துருக்களில் அடித்தால் வேறு கம்ப்யூட்டரில் திறக்கும்போது எழுத்துகள் குழம்பித் தெரியும், தேடினாலும் கிடைக்காது.

ஆவணம் போல்டரில் முதலில் போக வேண்டியது ஆர்.சி. புத்தகம். அதை ஸ்கேன் செய்யுங்கள். பிறகு ஒரு துணியை மண்ணெண்ணெயில் நனைத்து வண்டியின் இன்ஜின் எண்ணையும் சேஸ் எண்ணையும் துடைத்துப் படம் எடுத்து, ஆர்.சி.யில் உள்ளதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். பழைய வண்டிகளில் எப்போதோ இன்ஜின் மாற்றப்பட்டிருக்கும், புத்தகத்தில் ஏறியிருக்காது. பணம் செலவழிக்கும் முன் தெரிந்து கொள்ள வேண்டிய விஷயம் இது. மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்திலும் பதிவு விவரங்களைச் சரிபார்க்கலாம்.

'வின்டேஜ்' என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021-ல் வந்த மத்திய விதிப்படி 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, மூல வடிவம் மாறாத வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளுடன் தனிப் பதிவு எண் உண்டு. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைத் தினமும் சாலையில் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே எடுக்கலாம். ஞாயிறுதோறும் கோவிலுக்கோ கடற்கரைக்கோ ஓட்டிச் செல்ல ஆசைப்படுபவர்கள் பெயரின் கவர்ச்சியில் மயங்காமல் சாதாரணப் பதிவையே உரிய காலத்தில் புதுப்பித்து வைத்துக் கொள்வதுதான் நல்லது.

கையேட்டை இணையத்திலிருந்து இறக்கும்போது எச்சரிக்கை தேவை. கையேடு என்பது பி.டி.எஃப். வகை பைலாக இருக்க வேண்டும். கையேடு என்று சொல்லிவிட்டு, திறந்தவுடன் 'இன்ஸ்டால் செய்யவா?' என்று கேட்டால் உடனே அழித்து விடுங்கள். அது கையேடு அல்ல, வில்லங்கம். நல்ல பைலாக இருந்தால் கன்ட்ரோல் கீயுடன் எஃப் கீயை அழுத்திச் சொல்லைத் தேடலாம். பழைய புத்தகத்தை அப்படியே ஸ்கேன் செய்த பைல்களில் இந்தத் தேடல் பெரும்பாலும் வேலை செய்யாது; ஒவ்வொரு பக்கமும் வெறும் படம்தான். வேலைக்கு வேண்டிய பக்கத்தை மட்டும் பிரின்ட் எடுத்து வண்டி அருகே கொண்டு செல்லுங்கள். கிரீஸ் கையோடு கீபோர்டைத் தொட்டால் வீட்டில் சோறு கிடைக்காது.

ஸ்பேனருக்கு முன்னால் கேமரா

எந்த நட்டையும் கழற்றும் முன் படம் எடுங்கள். வயர்கள் எந்த வழியாகப் போகின்றன, கேபிள் எந்தப் பக்கம் வளைகிறது, வாஷர் எத்தனை, எந்த வரிசையில் என்பதெல்லாம் கழற்றும்போது மறக்கவே முடியாதது போல் தோன்றும். ஸ்பேர் வாங்க ஒரு வாரம் அலைந்து விட்டு வந்து பார்த்தால் மேசை மேல் உள்ள இரண்டு வாஷர்களும் யாரோ கொண்டு வந்து வைத்தவை போல இருக்கும்.

செல்போனில் எடுத்த படங்களை யு.எஸ்.பி. கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள். போனைச் செருகியவுடன் அதன் திரையில் பைல் டிரான்ஸ்பர் என்ற வாய்ப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் சார்ஜ் மட்டும்தான் ஏறும். வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிக் கொண்டால் படம் சுருக்கப்பட்டு, சிறு எழுத்துகளும் வயர் நிறங்களும் தெளிவிழக்க வாய்ப்புண்டு. படத்தைத் தேர்ந்தெடுத்து எஃப்2 கீயை அழுத்திப் பெயர் மாற்றலாம். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்குங்கள்: '2026-02-14 பாயின்ட் கழற்றும் முன்'. இப்படி வைத்தால் பெயர்வாரியாக அடுக்கும்போது தேதி வரிசையும் தானாக வந்து விடும். நாளை முதலில் எழுதினால் பிப்ரவரியும் ஜூலையும் ஒன்றோடொன்று கலந்து நிற்கும்.

ஸ்பேனர் விஷயத்தில் ஒன்று. பழைய புல்லட்களில் பிரிட்டிஷ் அளவு நட்டுகளும் மெட்ரிக் நட்டுகளும் கலந்து இருக்கும். ஏறக்குறையப் பொருந்துகிறதே என்று வேறு அளவு ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் நட்டின் முனைகள் மழுங்கிப் போகும். எந்த இடத்துக்கு எந்த ஸ்பேனர் என்பதையும் எழுதி வையுங்கள்.

கிக் அடிக்கும் முன்

ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசை எல்லோருக்கும் இருக்கும். அதற்கு முன் நிறுத்த முடியுமா என்று பாருங்கள். பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்றவை கீழே. புதிய வண்டி ஓட்டிப் பழகியவர் அவசரத்தில் வலது காலை அழுத்தினால் வண்டி நிற்காது, கியர்தான் மாறும். ஆள் நடமாட்டம் இல்லாத மைதானத்தில் ஒரு வாரம் பழகாமல் சாலைக்கு வராதீர்கள்.

பிரேக் கேபிளின் முனையில், லீவருக்குள் நுழையும் இடத்தில் ஒரு இழை பிய்ந்திருந்தாலும் கேபிளையே மாற்றுங்கள். பிரேக் டிரம்மைத் திறந்தால் உள்ளே இருக்கும் தூளை வாயால் ஊதக் கூடாது. பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியை மூடிக் கட்டி எறிந்து விடுங்கள்.

டயரில் பட்டன் நன்றாக இருக்கிறது என்று ஏமாற வேண்டாம். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது என்று பொருள். மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000-க்கு முந்திய டயர். அதில் ஏறி உட்காரவே யோசிக்க வேண்டும்.

ஆயில் எங்கே போயிற்று?

புதிதாகப் புல்லட்டுக்கு வருபவர்களை அதிகம் ஏமாற்றுவது இதுதான். இந்த இன்ஜினில் ஆயில் தனி அறையில் இருக்கும். பம்ப் அதை எடுத்து இன்ஜினுக்குள் அனுப்பி, கீழே வடிந்ததைத் திரும்ப அறைக்கே கொண்டு வரும். வண்டி வாரக் கணக்கில் நின்றால் ஆயில் மெதுவாகப் பம்பைத் தாண்டிக் கசிந்து கிராங்க் கேஸின் அடியில் சேர்ந்து விடும். அளவுக் குச்சியை எடுத்துப் பார்த்தால் ஆயில் குறைவாகத் தெரியும். புதியவர் பதறிப்போய் ஒரு லிட்டர் ஊற்றுவார். ஸ்டார்ட் ஆனதும் அடியில் கிடந்த ஆயில் எல்லாம் மேலே வரும். இடம் போதாமல் காற்றுக் குழாய் வழியாக வெளியே பீய்ச்சும், சைலன்சரில் வெள்ளைப் புகை வரும். "இன்ஜின் போச்சு, ரீபோர் பண்ணணும்" என்று யாராவது சொல்வார்கள். இன்ஜினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில், சில நிமிடம் இன்ஜினை ஓட விட்டு நிறுத்திய பிறகே அளவு பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் நின்ற வண்டி என்றால் பழைய ஆயிலை முழுவதும் வடித்து விடுங்கள். ஆயில் அறைக்கு ஒரு வடி போல்ட், கிராங்க் கேஸுக்கு வேறொன்று. கையேட்டுப் படத்தைப் பார்த்து இரண்டையும் திறவுங்கள். வடிந்த ஆயிலை வெள்ளைத் தட்டில் ஊற்றிப் படம் எடுங்கள். பால் கலந்தது போல் இருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. பளபளக்கும் துகள்கள் இருந்தால் உள்ளே ஏதோ தேய்கிறது. நல்ல மெக்கானிக் பார்க்காமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

புதிதாக 20டபிள்யூ50 ஆயில், சுமார் இரண்டே கால் லிட்டர் பிடிக்கும். பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, இக்னிஷனைப் போடாமல் இருபது முப்பது முறை கிக்கரை மிதித்தால் பம்ப் ஆயிலை இழுக்கத் தொடங்கும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும், சிலிண்டரின் தலைக்குப் போகும் மெல்லிய ஆயில் குழாயின் போல்ட்டைச் சற்றே தளர்த்துங்கள். ஆயில் கசிந்தால் மேலே வரை போகிறது என்று அர்த்தம். ஒரு நிமிடத்துக்குள் கசியாவிட்டால் இன்ஜினை நிறுத்தி விடுங்கள். ஆயில் இல்லாமல் ஓடிய ஐந்து நிமிடம் உங்கள் ஒரு மாதச் சம்பளத்தைத் தின்று விடும்.

அம்மீட்டர் சொல்லும் சேதி

ஹெட்லைட் மேல் உள்ள சிறிய அம்மீட்டரை அழகுக்கு வைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். கம்ப்யூட்டர் இல்லாத வண்டிக்கு அதுதான் மானிட்டர். சாவியைப் போட்டு கிக்கரை மெதுவாகக் கீழே தள்ளுங்கள். பாயின்ட் மூடியிருக்கும்போது முள் மைனஸ் பக்கம் சாயும். திறந்தவுடன் நடுவுக்கு வரும். கிக்கர் கெட்டியாகத் தடுக்கும் இடத்தில் டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துச் சற்றே தாண்டித் தள்ளி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு ஒரே மிதியாக முழுவதும் மிதிக்க வேண்டும். அரை மனதோடு மிதித்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் தாங்காது. முள் அசையவே இல்லையென்றால் மிதிப்பதை நிறுத்துங்கள். பேட்டரி, பியூஸ், வயர் இணைப்பு, பாயின்ட் இவற்றில் ஒன்றில்தான் கோளாறு.

பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. பீலர் கேஜ் என்ற தகடுகளின் கட்டு ஆட்டோமொபைல் கடையில் மலிவாகக் கிடைக்கும். பாயின்டைத் தள்ளித் திறக்கும் சிறு குதிகால் பகுதி சுழலும் தண்டின் மேல் உரசிக் கொண்டே இருப்பதால் தேய்ந்து, இடைவெளி தானாகச் சுருங்கும். இடைவெளி சுருங்கினால் தீப்பொறி விழும் நேரமும் தாமதமாகும். வண்டி இழுக்காது, சீக்கிரம் சூடாகும். "கார்புரேட்டர் சரியில்லை" என்று சொல்லப்படும் புகார்களில் பல இங்கிருந்து வருபவை.

டேப்பட் சரிபார்ப்பதும் வீட்டிலேயே முடியும். இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். காலையில் செய்வது உத்தமம். இரண்டு வால்வுகளும் மூடிய நிலையில், பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது, வலது பக்கம் உள்ள சிறு மூடியைத் திறந்தால் இரண்டு தள்ளு கம்பிகள் தெரியும். விரலால் சுழற்றினால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. சுழலாமல் இறுக்கமாக இருந்தால் வால்வு சரியாக மூடாமல் எரிந்து போகும். சற்று சத்தம் போடுகிற டேப்பட் பரவாயில்லை. சத்தமே போடாத இறுக்கமான டேப்பட்தான் ஆபத்து.

இனி கணக்கு எழுதலாம்

எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் மென்பொருளைத் திறந்து, முதல் வரியில் தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, அளவு, பெட்ரோல் லிட்டர், செலவு, குறிப்பு என்று தலைப்புகள் கொடுங்கள். கிலோமீட்டர் பகுதியில் வெறும் எண்ணை மட்டும் டைப் செய்யவும். '12500 கி.மீ.' என்று அடித்தால் கம்ப்யூட்டர் அதை எண்ணாக எடுத்துக் கொள்ளாது. கழிக்கச் சொன்னால் பிழைச் செய்தி வரும். இரண்டு வாசிப்புகளுக்கு இடையில் ஓடிய தூரம் வேண்டுமென்றால், காலியான ஒரு செல்லில் சமக்குறியை டைப் செய்து, புதிய கிலோமீட்டர் உள்ள செல்லைக் கிளிக் செய்து, மைனஸ் குறி போட்டு, பழைய கிலோமீட்டர் உள்ள செல்லைக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். அந்தச் செல்லின் கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தைப் பிடித்து இழுத்தால் மற்ற வரிகளுக்கும் கணக்கு வந்து விடும்.

டேங்கை முழுதாக நிரப்பி, அடுத்த முறை முழுதாக நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று எழுதினால் மைலேஜ் கிடைக்கும். ஓடிய தூரத்தை லிட்டரால் வகுக்க வேண்டும், வகுக்க சாய்கோடு. லிட்டருக்கு 32 கொடுத்த வண்டி மூன்று முறையாக 30, 28, 26 என்று இறங்கினால், ஓட்டும் உங்களுக்குத் தெரியும் முன்பே பட்டியலுக்குத் தெரிந்து விடும். ஸ்பீடோமீட்டர் கேபிள் அறுந்து கிடக்கிறதா? பழைய புல்லட்டில் அது சகஜம். முதல் வேலையாக அதை மாற்றுங்கள். இல்லாவிட்டால் இந்தக் கணக்கு எல்லாம் கற்பனைதான்.

ஒரு நாளில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். பாயின்டை மாற்றி, ஜெட்டை மாற்றி, டேப்பட்டையும் திருகிவிட்டு வண்டி நன்றாக ஓடினால் எதனால் ஓடியது என்று தெரியாது. மோசமாக ஓடினால் அதைவிடச் சிக்கல். ஒரு மாற்றம், ஒரு ஓட்டம், ஒரு வரி. பிளக்கைக் கழற்றும்போதெல்லாம் அதன் முனையைப் படம் எடுத்து அதே தேதியில் சேமியுங்கள். கருப்புக் கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது; வெளுத்துச் சுண்ணாம்பு போல் இருந்தால் குறைவாகப் போகிறது; இளம் பழுப்பு நல்லது.

குறிப்புப் பகுதியில் பெட்ரோல் பற்றியும் எழுதி வையுங்கள். 2025-ல் நம் நாட்டில் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. பழைய புல்லட்டின் ரப்பர் குழாய்களும் வாஷர்களும் அதை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. குழாய் ஊறிப் பருத்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். டேங்கில் துரு வர அது போதும். வண்டி இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கப் போகிறது என்றால் பெட்ரோல் திருகை மூடி, கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தில் உள்ளதை வடித்து விடுங்கள்.

கடைசியாக, 'புல்லட்' போல்டரை அப்படியே காப்பி செய்து ஒரு பென் டிரைவில் போட்டு வையுங்கள். ஹார்ட் டிஸ்க்குக்கும் ஆயுள் உண்டு. பழைய மெக்கானிக் இன்னும் ஊரில் இருந்தால் ஒரு ஞாயிறு மாலை அவரை வீட்டுக்கு அழைத்து, காபி கொடுத்து, அந்த வண்டியில் அவர் செய்த வேலைகளைக் கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல நீங்கள் டைப் செய்யுங்கள். தேதி நினைவில்லாத இடத்தில் 'பையன் எட்டாவது படிக்கும்போது' என்று அவர் சொன்னதையே அப்படியே எழுதிக் கொள்ளலாம்.